கோல்வேயில் மழை, பலேர்மோவில் நான்

என் கைப்பேசியில் காலநிலையைத் திறந்தால் முதலில் வருவது நான் இருக்கிற இத்தாலியின் பலேர்மோ இல்லை, கோல்வே. அயர்லாந்தின் மேற்குக் கரையில், அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிற ஊர். அங்கே நான் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் பெட்டிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதற்கு. ஆனால் இன்று அங்கே காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, மழை எப்போது விடும், விட்டதுபோலக் காட்டிவிட்டு மறுபடி எப்போது பிடிக்கும் என்று கேளுங்கள், சொல்கிறேன். பலேர்மோவில் வெயிலா மழையா என்று கேட்டால் யன்னலைத் திறந்து பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

காரணம் என் மனைவி. அவள் அந்த மழைக்குள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள்.

இத்தாலியப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எங்கள் ஆட்கள் செய்கிற காரியத்தைத்தான் நாங்களும் செய்தோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று மூட்டை கட்டுவது. முன்பு எல்லாரும் இங்கிலாந்துக்குப் போனார்கள். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப்போய் அந்தக் கதவு சாத்தப்பட்ட பிறகு மிஞ்சியது அயர்லாந்து. எங்கள் கோயில் பங்கின் பாடகர் குழுவில் பாதிப் பேர் இப்போது அங்கேதான் பாடுகிறார்கள். மனைவியும் இரண்டு மகள்மாரும் போனார்கள். நான் பின்னால் வருவதாகப் பேச்சு.

பின்னால் என்றால் எப்போது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிற இத்தாலிய அம்மாவுக்கு, எங்கள் சிஞ்ஞோராவுக்கு, தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் கண்ணை மூடிய பிறகு நான் போகலாம், அவ்வளவுதான் கணக்கு. விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. என் மனைவியை நான் இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட காலத்தில், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்துக்குத் தடியை ஊன்றிக்கொண்டு என்னோடு வந்து, வரிசையில் நின்று, பத்திரங்களைத் திருப்பித் தள்ளியவனோடு சண்டை பிடித்து அவளுக்கு இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ வாங்கித் தந்தவர் இந்த மனுசி. மகன் மிலானோவில். வேறு ஆள் வைத்துப் பார்த்தாயிற்று; வந்த பெண் வைத்த சூப்பை அவர் தொடவே இல்லை. ஒருவருடைய சாவுக்கு அந்தப் பக்கத்தில்தான் என் குடும்பம் இருக்கிறது என்றால், நான் கோயிலில் முழந்தாளிட்டு எதைக் கேட்பது? ஒன்றும் கேட்காமல் எழும்பி வந்துவிடுவேன்.

எனக்கும் சைக்கிள்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டின் படிகளில் அதைத் தோளில் சுமந்து இறக்குவதில்தான் என் நாள் தொடங்கும். கீழே கட்டிவைத்தால் விடிய பூட்டு மட்டும் இருக்கும். வியா ரோமா என்கிற தெரு நீளத்துக்கு மிதித்துப் போனால், மரங்கள் நிற்கிற வியா லிபெர்த்தாவில் சிஞ்ஞோராவின் வீடு. வழியில் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறவன், பின்னால் பாராமல் கதவைத் திறக்கிறவன், காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டு மின்சார ஸ்கூட்டரில் எதிர்ப்பக்கமாக வருகிறவன் என்று எல்லாரையும் ஏசிக்கொண்டு போவேன், தமிழில். தமிழில் ஏசினால் இங்கே யாரும் கோபிப்பதில்லை. சிலர் காலை வணக்கம் சொல்வதாக நினைத்துக் கையும் காட்டுவார்கள்.

வெயில் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து ஷிரொக்கோ என்கிற சூட்டுக்காற்று அடிக்கும்போது சீற்றில் உட்கார முடியாது. அதைத் தவிர இந்த ஊர் வானத்தோடு எனக்குப் பெரிய வழக்கு இல்லை. மழைதான் இந்த ஊருக்குப் பழக்கமில்லாதது. நாலு துளி விழுந்தால் போதும், ஸ்கூட்டர்கள் கடைகளின் கூரைக்குக் கீழே ஒதுங்கும், வழுவழுத்த பழைய கல் தெருக்களில் நடக்கிறவர்களே சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சிஞ்ஞோரா தொலைபேசியில் கூப்பிட்டு, மழை பெய்கிறது, வராதே என்பார். நான் வராவிட்டால் மருந்தை யார் கொடுப்பது என்ற யோசனை அவருக்கு இல்லை. நான் போகத்தான் செய்வேன்.

என் மனைவி பலேர்மோவில் இருந்த காலமெல்லாம் ஒரு தடவைகூடச் சைக்கிளில் ஏறியதில்லை. இந்த ஊரில் சைக்கிள் ஓடுகிறவன் தினம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வெளிக்கிட வேண்டும் என்பாள். ஓடத் தெரியாதவள் இல்லை. யாழ்ப்பாணத்துத் தீவுக்காரி. பள்ளிக்கூடத்துக்குக் கடல் நடுவே போகிற பாலத்தால் சைக்கிளில் போய் வந்தவள். ஒரு கை ஹாண்டிலில், ஒரு கையில் குடை, வெயிலுக்கும் அதே குடை, மழைக்கும் அதே குடை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது ஒரு வித்தையே இல்லை. இப்போதும் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

கோல்வேயில் அவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. விடியமுன் தொடங்குகிற வேலை. முதல் பஸ் வருகிற நேரத்துக்கு இவள் அங்கே நிற்கவேண்டும். யாரோ விற்ற பழைய சைக்கிளை வாங்கினாள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு எடுத்த படத்தை அனுப்பியபோது நானும் சிஞ்ஞோராவும் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம். அது கோடை. சிரிக்கக்கூடிய காலம்.

பிறகு மழை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைக்கும்போது அந்த மழையைப் பற்றித்தான் கதை. அங்கே மழை மேலிருந்து வருவதில்லையாம், பக்கத்தால் வருமாம். போகும்போது முகத்தில் அடித்த காற்று, திரும்பி வரும்போதாவது முதுகில் பிடித்துத் தள்ளும் என்று பார்த்தால், அதற்குள் அதுவும் திரும்பி நின்றுகொள்ளுமாம். சீற்றுக்கு மேல் சூப்பர்மார்க்கெட் பையைக் கட்டிவைக்காவிட்டால் நாள் முழுக்க ஈரப் பாவாடையோடு நிற்கவேண்டும். சப்பாத்துக்குள் பத்திரிகைத்தாளைத் திணித்து ஹீற்றரில் சாய்த்து வைத்தாலும் விடிய ஈரம் போகாது. அவளோடு வேலை செய்கிற ஐரிஷ் பெண்கள் அதே மழைக்குள் சைக்கிளில் வந்து இறங்கி, தலையை உதறிவிட்டு, இன்றைக்கு நாள் பரவாயில்லை என்பார்களாம். அவர்களுக்குத் தூறல் மழைக்கணக்கில் சேர்த்தி இல்லை.

நான் என்ன செய்ய முடியும்? வுச்சீரியாச் சந்தைப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் சைக்கிள் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். மழையில் ஓடுகிறவர்களுக்கு டயர் மாற்ற வேண்டுமா, பிறேக் மாற்ற வேண்டுமா என்று விசாரிக்க அவரிடம் போனேன். அவர் கை எண்ணெயைத் துடைத்து, ஆறுதலாக யோசித்துவிட்டு, மழை நாளில் சைக்கிளில் போகக்கூடாது என்றார். முழுப் பலேர்மோவிடமும் என் மனைவிக்குக் கொடுக்க இருந்த புத்திமதி அந்த ஒன்றுதான். சந்தையில் ஒரு மழை ஜாக்கெட் வாங்கினேன். ஒரு சொட்டு உள்ளே போகாது என்று கடைக்காரர் தாயின் மேல் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த மழை பலேர்மோ மழை. கோல்வேக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். முதல் நாளே உள்ளே போட்டிருந்த சட்டையைப் பிழிந்து காயப்போட்டாளாம். அதற்குப் பிறகு மறுபடியும் குடையைத் தூக்கினாள்.

ஒரு கையால் ஓடிக்கொண்டு, மறுகையில் குடையோடு, அந்தக் கடற்காற்றுக்குள். அங்கே உள்ளவர்கள் காரை மெதுவாக்கி வாய் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போம் என்று கெஞ்சினேன், பிறகு ஏசினேன்.

"பாலத்துக் காத்திலை குடை பிடிச்சவள் நான்," என்றாள். "இவையின்ரை காத்து என்னை என்ன செய்யும்?"

"அது வேறை காத்து, இது வேறை காத்து," என்றேன். சொன்னேனே தவிர, அந்தக் காற்று என்ன மாதிரி என்று எனக்கு எப்படித் தெரியும்? கைப்பேசியில் ஒரு சின்ன அம்புக்குறியாகத்தான் அது எனக்குத் தெரியும்.

என் பயத்துக்கு அவள் ஒரு மருந்து கண்டுபிடித்தாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்து, சைக்கிளைக் கட்டிவிட்டு, ஒரு சொல் அனுப்புவாள்: "சேர்ந்திட்டன்." அந்த நேரம் நான் இங்கே சிஞ்ஞோராவின் குசினியில் கோப்பி வடிக்கிற மொக்காவை அடுப்பில் வைத்திருப்பேன். அந்தச் சொல் வரும்வரை நான் வேலை செய்கிறவனைப்போல நடித்துக்கொண்டிருப்பேன். கோப்பைகளை எடுப்பேன், திரும்ப வைப்பேன். பத்து நிமிடம் பிந்தினால் துடைத்த கோப்பையையே மறுபடி துடைப்பேன். வந்ததும் "சரி, கவனம், குடை வேண்டாம்" என்று பதில் போடுவேன். இதைப் பார்த்துப் பார்த்துச் சிஞ்ஞோராவும் பழகிவிட்டார். அயர்லாந்து என்றால் வட துருவத்துக்குப் பக்கத்து வீடு என்பது அவருடைய எண்ணம். கோப்பியைக் கொண்டுபோய் வைத்ததும் காலை வணக்கத்துக்கு முன் அவர் கேட்பது ஒரே கேள்வி: "அர்ரிவாத்தா?" போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று. "சி, சிஞ்ஞோரா" என்று நான் சொன்ன பிறகுதான் சீனியைக் கரைப்பார்.

ஞாயிறு பின்னேரங்களில் எனக்கு ஓய்வு. சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் பகேரியாவில் இறங்கி, பழைய மாளிகைகளைத் தாண்டிக் கடற்கரை வரை இறக்கத்தில் மிதிக்காமலே போவேன். குளிர்காலத்திலும் வெயில் முதுகில் இதமாக விழும். அவளும் மகள்மாரும் அதே நேரம் அங்கே கடலோரப் பாதையில் சைக்கிள் ஓடப் போவார்கள். ஒரு சுற்றுக்குள் நாலு தரம் நனைந்து நாலு தரம் காய்ந்து வந்தோம் என்று சின்னவள் பெருமையாகச் சொல்வாள். அங்கே காலநிலை எப்படி என்று மனைவி கேட்டால், இஞ்சையும் மழைக்குணம்தான் என்பேன். எனக்கு மட்டும் வெயில் அடிப்பது வெட்கமாக இருக்கும். சுவரில் விழுந்த வெயில் தெரியாமல் கைப்பேசியைத் திருப்பிப் பிடிப்பேன். அவள் கண்டிருப்பாள், காட்டிக்கொள்ளவில்லை.

நத்தாருக்கு முந்திய கிழமைகளில் வீடியோ நின்றது. கமராவுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றாள். நம்பினேன். அந்த ஊரில் எதற்குள்தான் தண்ணீர் போகவில்லை? குரல் வழக்கம்போல இருந்தது. "சேர்ந்திட்டன்" முன்னைவிட ஒழுங்காக, ஒரே நேரத்துக்கு வந்தது. நல்லதுதான், பாதை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலநிலைப் பக்கத்தில் கோல்வே முழுக்கச் சிவப்பாகிவிட்டது. புயல். சிஞ்ஞோராவின் தொலைக்காட்சியிலும் காட்டினார்கள், மரங்கள் தரையில் படுப்பதை. பள்ளிக்கூடங்கள் பூட்டு, பஸ் இல்லை, ஒருவரும் வெளியே வரவேண்டாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. பெரியவள் இரவே பள்ளிக்கூடம் இல்லை என்று துள்ளிக் குதிக்கிற பொம்மைப் படம் அனுப்பியிருந்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. இன்றைக்கு ஒரு நாளாவது அவள் வீட்டில் இருப்பாள், நான் ஆறுதலாகக் கோப்பி போடலாம். மொக்காவை அடுப்பில் வைத்தேன். கைப்பேசி சத்தம் போட்டது.

"சேர்ந்திட்டன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறது, இவளுக்கு மட்டும் என்ன அப்படி வேலை? அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். பிறகு பெரியவளுக்கு அடித்தேன். அவள் நித்திரைக் குரலில், அம்மா படுத்திருக்கிறா அப்பா, எழுப்பவா என்றாள். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் வந்ததே என்றேன். காற்று யன்னலில் அறைவது மட்டும் கேட்டது. அந்தக் காற்றை நான் முதல்தடவையாகக் காதால் கேட்டது அப்போதுதான்.

பிறகு அவள் அழுதழுது சொன்னாள். சில கிழமைக்கு முன், வேலைக்குப் போகிற வழியில் காற்று குடையைப் பிடுங்கியது. அம்மா குடையை விடவில்லை. குடையோடு சேர்த்துச் சைக்கிளையும் அவளையும் காற்று மதிலில் கொண்டுபோய் மோதியது. மகளுக்கு மணிக்கட்டு என்ற சொல் தமிழில் வரவில்லை; அம்மாவின் போல்சோ முறிந்துவிட்டது என்றாள். மாவுக்கட்டுப் போட்டு வீட்டில்தான் இருக்கிறா. ஒவ்வொரு நாளும் அலாரம் வைத்து எழும்பி, இடது கையால் அந்த ஒரு சொல்லை அடித்து அனுப்பிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வா. புயலுக்கு ஒருவரும் வெளியே போகக்கூடாது என்பதையே மறந்துபோனா.

"அம்மா சொல்ல வேண்டாம் எண்டவா, அப்பா," என்றாள். "நீங்கள் அங்கையிருந்து ஒண்டும் செய்யேலாதெல்லோ."

பிள்ளை குற்றம் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் சிஞ்ஞோராவின் குசினியில், எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு முன்னால் நின்றேன். என் மனைவியின் தலைமயிரை இப்போது யார் பின்னிவிடுகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று மட்டும் மகளிடம் கேட்டுக்கொண்டேன். உள்ளே இருந்து "அர்ரிவாத்தா?" என்று குரல் வந்தது. தொண்ணூறு வயது மனுசியிடம் முறிந்த கையைப் பற்றி எப்படிச் சொல்வது? "சி, சிஞ்ஞோரா" என்றேன்.

அடுத்த கிழமை பலேர்மோவிலும் ஒரு நாள் உண்மையான மழை பிடித்தது. வியா ரோமா வாய்க்காலாகிவிட்டது. வேலையால் திரும்புகிறபோது எனக்கு ஏனோ பிடிவாதம் வந்து, ஒரு கையால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அவள் எப்படித்தான் விழுந்தாள் என்று பார்க்க. கல் தரையில் சில்லு வழுக்கியது, குடை மல்லாந்தது, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கோப்பிக்கடைக்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, இந்த வயதில் உனக்கு என்ன கேடு என்று கேட்டு, ஒரு கோப்பி தந்தார். முழங்காலில் தோல் உரிந்ததைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. அதுகூட எரிச்சலாக இருந்தது.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாள்களில்தான் நான் நிம்மதியாக இருந்தேன். புயலன்று எடுக்காமல் விட்ட அழைப்புகளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் அந்தப் பொய் வந்தது. கோல்வேயில் மழை, மறுநாளும் மழை, காற்று மேற்கிலிருந்து பலமாக. வரட்டும் என்று விட்டேன். அவள் போர்வைக்குள் கிடக்கிறாள், மழை அவளை என்ன செய்யும்? கை நோகிறதா என்று கேட்க முடியாத வருத்தம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. "சரி" என்று பதில் போட்டுவிட்டுக் கோப்பியைப் பொங்கவிடாமல் இறக்கினேன். சிஞ்ஞோரா கேட்டு முடிக்கமுன்னமே "அர்ரிவாத்தா" என்று நானே சொல்லிவிடுவேன். உனக்கு இப்போது முகம் தெளிந்திருக்கிறது, அங்கே மழை விட்டுவிட்டதா என்று கேட்டார். விட்டுவிட்டது என்றேன்.

நத்தாருக்கு அவர்களிடம் போகலாம் என்று பார்த்தேன். சிஞ்ஞோராவுக்கு நெஞ்சில் சளி பிடித்துக்கொண்டது. மிலானோ மகனால் வரமுடியவில்லை. பாதிரியார் பாலன் பிறப்புப் பூசையில் பிரிந்திருக்கிற குடும்பங்களுக்காக மன்றாடச் சொன்னபோது, எங்கள் குடும்பம் உட்காருகிற வாங்கில் நான் மட்டும்தான் இருந்தேன்.

தை மாதத்தில் மாவுக்கட்டை வெட்டிவிட்டார்கள் என்று பெரியவள் இரகசியமாகச் சொன்னாள். எப்போது வேலைக்குப் போகிறா என்று கேட்டேன். தெரியாது, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றாள். நானும் பிறகு கேட்கவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. இங்கே நல்ல வெயில், சிஞ்ஞோராவின் குசினி யன்னலில் ஒரு புறா வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மொக்கா அடுப்பில். வழக்கமான நேரத்துக்கு வரவேண்டிய "சேர்ந்திட்டன்" வரவில்லை. அலாரம் அடிக்காமல் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி சத்தம் போட்டது. இந்தத் தடவை ஒரு சொல் இல்லை.

"இண்டைக்கு உண்மையாவே சேர்ந்திட்டன். இனி நீங்கள் குடைக்கு ஏசலாம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகளிடம் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் அவளைக் குடைக்காக ஒரு தடவைகூட ஏசவில்லை. வெறும் "சரி"தான் போட்டிருக்கிறேன். போர்வைக்குள் படுத்திருக்கிறவளை எதற்கு ஏசுவது? அவள் அதை அப்போதே பிடித்துவிட்டாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அலாரம் வைத்து எழும்பி, எனக்காக அந்தச் சொல்லை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

காலநிலையைத் திறந்தேன். அவசரத்தில் இரண்டு தரம் வேறு எதையோ அமத்திவிட்டேன். கோல்வேயில் மழை. காற்று மேற்கிலிருந்து, பலமாக. மொக்கா பொங்கி அடுப்பில் வழிந்து கருகிய மணம் வந்தது. கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே இருந்து சிஞ்ஞோரா கேட்டார்: "அர்ரிவாத்தா?"

பொய் வந்த நாள்களில் கேட்கமுன் பதில் சொன்னவன் நான். உண்மை வந்த அன்று எனக்கு வாய் வரவில்லை. அவர் மறுபடி கேட்டார், குரலில் பயத்தோடு. ஓம், சேர்ந்துவிட்டாள் என்றேன். ஆனால் பின்னேரம் அவள் அதே பாதையால் திரும்பி வரவேண்டும். அப்போதும் மழை என்றுதான் காட்டியது.